ஈங்கையம்மைக்கு இன்னும் அறுபத்திரண்டு வசனம்

அந்த ஆனி மாதம் சாரல் பிடித்த நாளிலிருந்து விஜயசங்கர் வீட்டு மாடித் தகரம் ஓயவே இல்லை. ஆரியங்காவுக் கணவாய்க்குள் புகுந்து வருகிற காற்று முதலில் இலஞ்சித் தோப்புகளை ஒரு உலுக்கு உலுக்கும். பிறகு மேலகரத்தைத் தாண்டித் தென்காசிக்குள் வந்து தகரத்தின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கும். பின்னாலேயே மாவு சலித்தாற்போலச் சாரல். ஊர் அதைச் சீசன் என்று கொண்டாடியது. குற்றாலத்தில் வெளியூர்க்காரர்கள் எண்ணெய் வழிய வழிய வரிசையில் நின்றார்கள். விஜயசங்கருக்கு மட்டும் அது வேலையைக் கெடுக்கிற சத்தம்.

அந்த மாடி அறையில்தான் அவர்கள் பிழைப்பு நடந்தது. விளம்பர ஆட்டோக்களுக்குக் குரல் பதிந்து கொடுப்பது. விஜயசங்கர் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவான். மைக் முன்னால் நிற்பவள் அவன் மனைவி ஜோதிலட்சுமி. ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி, அம்மன் கோயில் கொடை, காணாமல்போன பசுமாடு, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் அவள் குரல்தான். பதினேழு வருஷமாகச் சுற்றுவட்டாரத்தில் யார் செத்தாலும் ஊருக்குச் சொன்னவள் அவள். முகம் பார்த்தால் யாருக்கும் தெரியாது. வாயைத் திறந்தால் காய்கறிக்காரி திரும்பிப் பார்ப்பாள்.

இது போக அவர்களுக்கு இன்னொரு பைத்தியமும் இருந்தது. சின்ன வயதில் மாதாமாதம் வந்த ஒரு படக்கதைப் புத்தகத்தில் ‘ஏழாம் சுனை’ என்று ஒரு தொடர். தூங்கியே கிடக்கிற தம்பியை எழுப்ப, நாச்சி என்ற பெண் மலைமேல் ஏழு சுனைகளைத் தேடிப் போவாள். ஏழாவது சுனைக்குக் காவல் ஈங்கையம்மை, முள்ளுச்செடியே உருவமான கிழவி. அந்தப் புத்தகம் நின்று இருபத்தைந்து வருஷம் ஆகிறது. அதைப் படித்தவர்கள் மறக்கவில்லை. கடையநல்லூர் யாசர் அப்படி ஒருவன். ஷார்ஜாவில் வேலை. லீவில் வந்தபோது விளம்பரம் பதிய வந்த இடத்தில் பேச்சுவாக்கில் ஏழாம் சுனை வந்தது. அன்றைக்கே முடிவாயிற்று, நாமே படம் எடுப்போம் என்று.

ஆறு வருஷத்தில் ஐந்து பாகம். செங்கோட்டைத் தோப்புகளில் பொறுக்கிய பாக்கு மட்டையில் கவசம், தேங்காய் நாரில் சடை, தெர்மாகோலில் கிரீடம். பச்சைச் சேலையைச் சுவரில் கட்டி அதன்மேல் மலையை வரவழைப்பான் யாசர். அவன் தங்கை ஹஸீபா நாச்சி. பள்ளிக்கூடத்து டீச்சர். ஜோதிலட்சுமி ஈங்கையம்மை. யூடியூபில் போட்டால் ஊர் ஊராக ஆட்கள் எழுதுவார்கள். ‘அம்மை குரலைக் கேட்டு என் மகள் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டாள்’ என்று மலேசியாவிலிருந்து ஒருத்தி எழுதியிருந்தாள். ஜோதிலட்சுமி அதை நாலு தடவை படித்தாள். பிள்ளை இல்லாத வீடு அது. இந்தப் படங்களைத்தான் அவர்கள் வளர்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாம் பாகம் எடுத்து முடித்தாயிற்று. அருவிப் பக்கம் எடுத்ததால் தண்ணீர் இரைச்சலில் பேச்சு எதுவும் கேட்காது. பின்னால் குரல் சேர்க்க வேண்டும். மற்ற எல்லாரும் பேசிவிட்டார்கள். ஈங்கையம்மைக்கு மட்டும் அறுபத்திரண்டு வசனம் பாக்கி.

பங்குனியிலேயே ஜோதிலட்சுமிக்குச் சோறு தொண்டையில் நின்றது. கேஸ் என்று சீரகத் தண்ணீர் குடித்தாள். சித்திரையில் இட்லி இறங்கவில்லை. வைகாசியில் கஞ்சியை வடிகட்டிக் குடித்தாள். குரல் கரகரத்த பிறகுதான் பயம் வந்தது. திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்து, வெள்ளிக்கிழமை டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார். தமிழ் கலந்த மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார்.

“பயப்பட வேண்டா சேச்சி. ஆபரேஷன் செய்தால் ரக்ஷப்படலாம். ஆனா குரல்பெட்டி முழுசும் எடுக்கணும். கழுத்தில் ஒரு துவாரம் வைப்போம், அதுவழி சுவாசம். திங்கட்கிழமை அட்மிட் ஆகணும். புதன் ஆபரேஷன்.”

“பேச்சு?” என்று விஜயசங்கர் கேட்டான்.

டாக்டர் தலையை ஆட்டினார். “பின்னால் மெஷின் எல்லாம் உண்டு. இந்தக் குரல் இருக்காது.”

தென்மலை வளைவுகளில் பஸ் திரும்பித் திரும்பி வந்தது. விஜயசங்கர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் எப்போதுமே அப்படித்தான். வீட்டில் பேச்செல்லாம் அவள் பேச்சு. செங்கோட்டை வந்து வெளியே தமிழ் போர்டு தெரிந்ததும் அவள்தான் கேட்டாள்.

“என்னங்க, என்னமாவது சொல்லுங்களேன்.”

அவன் முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “அறுபத்திரண்டு வசனம் கெடக்கு ஜோதி. நாளைக்கும் மறுநாளும்தான் இருக்கு.”

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தாலி கட்டிய மனிதன், கழுத்தை அறுக்கப் போகிறார்கள் என்று கேட்டுவிட்டு வந்து, படத்தைப் பற்றிப் பேசுகிறான். ஆனால் வீடு வந்து சேர்வதற்குள் அவளுக்குள்ளும் அந்த எண்ணிக்கை புகுந்துவிட்டது. அறுபத்திரண்டு.

சனிக்கிழமை காலையில் மாடியில் ஆரம்பித்தார்கள். ஜன்னலுக்கு மெத்தை, கதவுக்கு ஜமுக்காளம், அவள் தலைக்குமேல் இரண்டு போர்வை. ஆனாலும் தகரம் விடவில்லை. ஒரு வசனம் பேசி முடிப்பதற்குள் காற்று கூரையைத் தூக்கிப் போட்டது. பதினொரு மணி வரைக்கும் மூன்று வசனம்கூடத் தேறவில்லை. விஜயசங்கர் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, நெற்றியை அதே மேஜையில் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

லீவில் வந்திருந்த யாசரும் ஹஸீபாவும், முந்தின நாளே போனில் சேதி தெரிந்து, காரில் வந்தது அப்போதுதான். யாசர் கூரையை அண்ணாந்து பார்த்தான்.

“இங்கன வச்சு ஆகாதுண்ணே. வடக்க போவோம். கடையநல்லூர் தாண்டிட்டா சாரல் கொறையும், புளியங்குடிக்கு அங்கிட்டு காத்தும் இருக்காது. எனக்குத் தெரிஞ்ச எலுமிச்சைத் தோட்டம் ஒண்ணு இருக்கு. கார உள்ள விட்டு, கண்ணாடிய ஏத்திட்டா ஸ்டுடியோ தோத்துப் போவும்.”

ஹஸீபா ஜோதிலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “மதினி, நெசமாவே பேசப் போறியளா? ஒங்களுக்கு முடியுதா?”

“முடியாமலா? வா.”

வாசுதேவநல்லூர் ரோட்டில் அந்தத் தோட்டம். அன்றைக்குக் காய்பறிப்பு இல்லை. மலை தூரத்தில் மேகத்துக்குள் கிடந்தது. இங்கே வெயில் சுள்ளென்று அடித்தது. யாசர் காரை மர நிழலில் நிறுத்தி, கண்ணாடிகளில் கடையநல்லூர்த் தறிப் போர்வைகளைத் தொங்கவிட்டான். ஏசி போட்டால் சத்தம் வரும் என்று நிறுத்தினான். பின்சீட்டில் ஜோதிலட்சுமியும் ஹஸீபாவும். முன்சீட்டில் மடியில் லேப்டாப்போடு விஜயசங்கர். பத்து நிமிஷத்தில் நாலு பேருக்கும் சட்டை, சுடிதார், சேலை எல்லாம் உடம்போடு ஒட்டிக்கொண்டது.

திரையில் ஈங்கையம்மை வாயசைத்தாள். பாக்கு மட்டைக் கவசமும் நார்ச்சடையுமாகப் போன கார்த்திகையில் நின்ற தன் உருவத்தை ஜோதிலட்சுமி பார்த்தாள். கழுத்தில் சதை இருந்தது அப்போது. அவள் பேசினாள்.

“சுனையைத் தேடி வந்தவளே, உன் தாகம் யாருடையது?”

ஹஸீபா, எடுத்துக்கொடுப்பதற்காக, நாச்சியின் பதிலைச் சொன்னாள். அடுத்தது. அடுத்தது. குரல் கரகரத்தாலும் அம்மைக்கு அது பொருந்தத்தான் செய்தது. மத்தியானத்துக்குள் இருபது முடிந்தது. யாசர் புளியங்குடிக்குப் போய்ப் பரோட்டாவும் சால்னாவும் வாங்கி வந்தான். மரத்தடியில் உட்கார்ந்து மூவரும் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தின்றார்கள். அவள் பிளாஸ்கிலிருந்து வடிகஞ்சியை மூடியில் ஊற்றி ஒவ்வொரு மிடறாக இறக்கினாள். ஒவ்வொரு மிடறுக்கும் காதுவரைக்கும் வலி இழுத்தது.

“மூஞ்சியத் திருப்பிக்கிட்டு எதுக்கு திங்கிய? சால்னா வாசத்த என்ன செய்வீங்க?” என்றாள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் விஜயசங்கருக்கு என்னமோ ஆயிற்று. ஒரு வசனம். “முள்ளைத் தாண்டியவர்கள் உண்டு, முள்ளாகத் திரும்பாதவர்கள் இல்லை.” அவள் நன்றாகத்தான் பேசினாள்.

“இன்னொண்ணு போவோம்.”

பேசினாள்.

“கடைசில கொஞ்சம் எறங்கிட்டு. இன்னொண்ணு.”

ஒன்பது தடவை. ஒன்பதாவது தடவை முடித்தபோது அவளுக்குத் தொண்டைக்குள் கண்ணாடித் தூள் போட்டு அரைத்தது போல இருந்தது. இருமினாள். முந்தானையில் பிடித்தாள். சிவப்பாக ஒரு பொட்டு.

ஹஸீபா பார்த்துவிட்டாள். “அண்ணே, நிறுத்துங்க. மனுசியா மெஷினா? மூணாவதே நல்லாத்தான் இருந்துச்சு, நானும் கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன்.”

“நீ சும்மா இரு. சத்தத்தப் பத்தி எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சா இப்படியா செய்வீங்க? ரத்தம் வருது அவங்களுக்கு.”

யாசர் தயங்கித் தயங்கி ஆரம்பித்தான்.

“அண்ணே, கோவப்படாதீங்க. நான் நேத்தே ஒண்ணு செஞ்சு வச்சிருக்கேன். மதினியோட பழைய விளம்பரம் பூரா எங்கிட்ட இருக்குல்லா? அதப் போட்டுக் குடுத்தா குரல அப்படியே பிடிச்சிருது இப்ப உள்ள சாப்ட்வேர். நம்ம என்ன எழுதிக் குடுத்தாலும் அவங்க குரல்ல பேசும். மதினி கஷ்டப்பட வேண்டாம். கேளுங்க.”

போனைத் தட்டினான். “சுனையைத் தேடி வந்தவளே, உன் தாகம் யாருடையது?”

பழைய குரல். நோய் வருமுன் இருந்த, வெண்கல மணிக் குரல். ஹஸீபாவுக்குக் கை மயிர் சிலிர்த்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து இருண்டு கிடந்த விஜயசங்கர் முகத்தில் முதல்முதலாக ஒரு வெளிச்சம் வந்தது. சட்டென்று திரும்பி யாசர் கையைப் பிடித்தான்.

“என்ன எழுதுனாலும் பேசுமாலே?”

“பேசும்ணே.”

“அப்போ... ‘என்னங்க, சாப்பிட வாங்க’ன்னு போடு.”

யாசர் பின்சீட்டை ஒரு பார்வை பார்த்தான். பிறகு போட்டான்.

“என்னங்க, சாப்பிட வாங்க” என்றது போன். தெளிவாக, இனிமையாக, ஆடித் தள்ளுபடிக்குக் கூப்பிடுகிற மாதிரி.

“இன்னொரு தடவ போடு” என்றான் விஜயசங்கர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

கார்க் கதவு திறந்தது. ஜோதிலட்சுமி இறங்கி எலுமிச்சை வரிசைகளுக்குள் நடந்தாள். செருப்பில்லை. உதிர்ந்த முள் காலில் ஏறியதும் தெரியவில்லை. தன் குரல் தன் புருஷனைச் சாப்பிடக் கூப்பிடுகிறது. அவன் கண்ணை மூடி ரசிக்கிறான். தான் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறோம். செத்த பிறகு ஆவியாய் வந்து வீட்டைப் பார்ப்பதாகச் சொல்வார்களே, அது இப்படித்தான் இருக்குமா என்று அவளுக்குத் தோன்றியது.

அவன் பின்னாலேயே ஓடி வந்தான். “ஜோதி. ஏட்டி, நில்லு.”

நின்றாள். “நான் இன்னும் இருக்கேன். இன்னும் மூணு நாளு நானே கூப்பிடுவேன். அதுக்குள்ள என்ன அவசரம்? இப்பவே அதோட பழகிக்கிடுதியளோ?”

“அப்படி இல்ல.”

“வேற எப்படி? ஒம்பது தடவ பேச வச்சிய. நல்லாருக்குன்னு எனக்கே தெரியுது. சத்தம் புடிக்கிற ஒங்களுக்குத் தெரியலையா?”

அவன் ஒரு கிளையைப் பிடித்தான். முள் குத்தியிருக்க வேண்டும். கையை எடுக்கவில்லை.

“தெரியும்” என்றான். “மொதத் தடவையே நல்லாத்தான் இருந்துச்சு. ஓக்கேன்னு சொன்னா அந்த வசனம் முடிஞ்சு போயிருமே ஜோதி. ஒண்ணு ஒண்ணா முடிஞ்சுக்கிட்டே வருது. இன்னும் நாப்பதுதான் இருக்குன்னு எண்ணும்போது எனக்கு மூச்சு முட்டுது. அதான் வாய்க்கு வந்தபடி இன்னொண்ணு, இன்னொண்ணுன்னேன். ஒனக்கு வலிக்கும்னு தெரிஞ்சே செஞ்சேன். நான் மனுசனே இல்ல.”

அவன் அழுது அவள் பார்த்ததில்லை. தன் அப்பா செத்தபோதுகூட மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்த ஆள். தோளைப் பிடிக்கலாமா என்று கை எழுந்தது. கோபம் இன்னும் தீரவில்லை. கை பாதியிலேயே நின்றது.

“எனக்கு மட்டும் பயம் இல்லையா?” என்றாள். “ராத்திரி நீங்க தூங்குனப்போ என் பேர நானே சொல்லிப் பாத்தேன். ஜோதிலட்சுமி, ஜோதிலட்சுமின்னு. பைத்தியக்காரி மாதிரி.” தொண்டையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பொறுத்துத்தான் அடுத்ததைச் சொல்ல முடிந்தது. “பதினேழு வருசமாப் பேசுனது பூரா அடுத்தவன் சரக்கு. சேல, எண்ண, சாவு. நானா ஆசப்பட்டுப் பேசுனது இந்தக் கெழவிக்கு மட்டுந்தான். மிச்சத்த நானே பேசுதேன். பேசுனத ஓக்கேன்னு சொல்லணும் நீங்க. நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு சொல்லுங்க. பொய் சொல்லக் கூடாது.”

“சரி.”

“அந்தப் போன்ல உள்ளத அழிக்கச் சொல்லுங்க.”

அவன் கிளையை விட்டுவிட்டு உள்ளங்கையில் ஏறிய முள்ளைப் பிடுங்க ஆரம்பித்தான். அது அவனால் முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. தானே காருக்கு வந்து யாசரிடம் சொன்னாள். யாசர் ஒருமுறை விஜயசங்கரைப் பார்த்தான். விஜயசங்கர் தரையைப் பார்த்தான். யாசர் அழித்தான். அழித்ததை அவளிடம் காட்டினான்.

அன்றைக்கு மேற்கொண்டு நாலு வசனம்தான் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி அதே தோட்டம், அதே வெக்கை. குரல் இன்னும் கெட்டிருந்தது. சில சொற்களில் காற்று மட்டும் வந்தது. ஐந்தாறு இடத்தில் விஜயசங்கர் “நல்லா இல்ல” என்றான், மறுபடி பேசினாள். மற்றதற்கெல்லாம் “ஓக்கே” என்றான். ஒவ்வொரு ஓக்கேக்கும் அவன் குரல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. சாயங்காலம் நாலரைக்குக் கடைசி வசனம் வந்தது. சுனையை நாச்சிக்குத் திறந்துவிட்டு ஈங்கையம்மை சொல்வது.

“போ. தண்ணீருக்குக் காவல் வேண்டாம்.”

‘காவல்’ உடைந்தது. ‘வேண்டாம்’ பாதி கேட்கவில்லை. ஹஸீபா, அவளுக்கு வசனம் இல்லாத இடத்தில், வாயைப் பொத்திக்கொண்டாள். விஜயசங்கர் அதை மறுபடி ஒருமுறை ஓட்டிக் கேட்டான்.

“ஓக்கே” என்றான்.

யாசர் கண்ணாடிகளை இறக்கினான். வெளிக்காற்று உள்ளே வந்தது. யாருக்கும் இறங்கத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். செவ்வாய்க்கிழமை முழுவதும் அவள் பேசிக்கொண்டே இருந்தாள். பக்கத்துக் கட்டில் புனலூர்க்காரியிடம், ரத்தம் எடுக்க வந்த பெண்ணிடம், தரை துடைக்கிறவரிடம். வலித்தது. இருந்தாலும் பேசினாள். மீதம் வைத்து யாருக்குக் கொடுக்க? விஜயசங்கரிடம் கியாஸ் அடைப்பது, பால்காரரிடம் சொல்வது, தகரத்துக்கு ஆணி அடிப்பது என்று வீட்டு விஷயமாகவே சொன்னாள். அவன் எல்லாவற்றுக்கும் உம் கொட்டினான். புதன்கிழமை காலையில் தள்ளுவண்டியில் கொண்டு போகும்போது கடைசியாக அவள் சொன்னது, “காலேலேருந்து ஒண்ணும் சாப்பிடல நீங்க. போயி தோச தின்னுங்க.”

எட்டு மணி நேரம் ஆயிற்று.

ஆறாம் நாள் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். மூக்கில் குழாய், கழுத்தில் துவாரம். அதன்மேல் போட்டிருந்த மெல்லிசுத் துணி மூச்சுக்கு மூச்சு அசைந்தது. இருமினால் வாயில் சத்தம் இல்லை. கழுத்திலிருந்து சீறல் வந்தது. முதல் தடவை அந்தச் சீறலைக் கேட்டு அவளே பயந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் ஒரு சிலேட்டும் குச்சியும் கொடுத்துவிட்டுப் போனாள்.

விஜயசங்கர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தான். அவளைப் பார்த்தான். விரல் நாலையும் குவித்து வாய்ப்பக்கம் கொண்டுபோனான்: பசிக்கிறதா? அவள் இல்லை என்று தலையாட்டினாள். உள்ளங்கையைக் கழுத்தில் வைத்து முகத்தைச் சுளித்தான்: வலிக்கிறதா? பிறகு மேலே விரலைக் காட்டி வட்டமாகச் சுற்றினான்: ஃபேன் போடவா? காலையிலிருந்து அப்படித்தான். ஒரு வார்த்தை வரவில்லை அவன் வாயிலிருந்து. தன்னால் பேச முடிவதே அவளுக்குச் செய்கிற துரோகம் போல அவனுக்கு இருந்தது.

அவள் சிலேட்டை எடுத்தாள். எழுதித் திருப்பினாள்.

‘எனக்குக் காது கேக்கும்.’

அவன் வாசித்தான். மறுபடி வாசித்தான். அவள் சிலேட்டைத் தன் பக்கம் திருப்பி, புறங்கையால் துடைத்து, மறுபடி எழுதினாள்.

‘ரெண்டு பேரும் ஊமையா இருந்தா வீடு என்னத்துக்கு ஆகும்? பேசுங்க.’

“என்ன பேச?” என்றான். குரல் துருப்பிடித்திருந்தது.

அவள் எழுதவில்லை. சிலேட்டை வயிற்றின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

அவன் தொண்டையைச் செருமினான். “சாரல் இன்னும் விடல. ஐந்தருவில குளிக்க விடலையாம், தண்ணி ஜாஸ்தியாம். யாசர் போன் போட்டான்.” நிறுத்தினான். மேலே சொல்லுங்கள் என்று அவள் கண்ணைக் காட்டினாள். “ஹஸீபா ஒனக்காக நோம்பு வச்சிருக்காளாம். புனலூர்க்காரி வீட்டுக்குப் போயிட்டா, ஒங்கிட்ட சொல்லச் சொன்னா. கீழ கேண்டீன்ல தோசைக்குச் சட்னி வெள்ளையா ஒண்ணு ஊத்துதான், உப்பும் இல்ல ஒரைப்பும் இல்ல. அத எப்படித்தான் திங்கிறாங்களோ. நான் அன்னைக்குத் தின்னேன். நீ சொன்னேன்னு தின்னேன். எறங்கல. ஆனாலும் தின்னேன்.”

அவளுடைய கை கட்டில் ஓரத்துக்கு வந்தது. அவன் அதைப் பிடித்துக்கொண்டான். இருபது வருஷத்தில் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் அவன் அந்த மத்தியானம் அவ்வளவு பேசியிருக்க மாட்டான். பஸ்ஸிலிருந்து பார்த்த யானையைப் பற்றிச் சொன்னான். தகரத்துக்கு ஆணி அடித்ததாகப் பொய் சொன்னான். பிறகு, இல்லை, அடிக்கவில்லை என்றான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நிறுத்தினால் திறந்தாள். அதனால் அவன் நிறுத்தவில்லை. சொல்ல ஒன்றுமே இல்லாமல் தீர்ந்துபோனபோது சுற்றும்முற்றும் பார்த்தான். எதிர்ச்சுவரில் ஓர் அறிவிப்புப் பலகை தொங்கியது. மேலே இருந்த மலையாளத்தை விட்டுவிட்டு, கீழே இருந்த இங்கிலீஷை, பார்வையாளர் நேரத்தையும், வெளிச்செருப்பு கூடாது என்பதையும், சத்தம் போடக் கூடாது என்பதையும், எழுத்துக் கூட்டிக் கூட்டி உரக்க வாசிக்க ஆரம்பித்தான்.